ஓடாத பைக்குக்கு ஒரு வருஷம்

1

போன ஞாயிற்றுக்கிழமையோடு பைக் இங்கே வந்து ஒரு வருஷம். அந்த ஒரு வருஷத்தில் அது ஒரு அடி ஓடவில்லை.

என் மகன் பிரவீன் வீட்டு ஹாலில் நின்றது. டிவிக்குப் பக்கத்தில். கீழே ஒரு கம்பளம். உள்ளே பெட்ரோல் இல்லை, ஆயில் இல்லை. காற்றில் ஈரம் ஏறாமல் இருக்க ஒரு மெஷின் பக்கத்தில் முனகிக்கொண்டே கிடந்தது. அதைப் பார்க்கப் போனால் நான் சப்பாத்தைக் கழற்ற வேண்டும்.

நம் தேயிலைத் தோட்டத்து வாசிகசாலை மலருக்கு வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி எழுதச் சொன்னீர்கள். நான் படித்தது எட்டாம் வகுப்பு வரைதான். பனி, பாலம், பெரிய கட்டடம் எல்லாம் எனக்கு எழுத வராது. அதெல்லாம் நீங்கள் போனில் பார்த்துக்கொள்ளுங்கள். நான் இந்தப் பைக்கைப் பற்றி எழுதுகிறேன். உங்களில் வயசு போனவர்களுக்குத் தெரிந்த பைக்தான். டயகமப் பக்கம் சந்திரன் வைத்திருந்தது.

விலை என்ன என்று எழுத மாட்டேன். எழுதினால் அதை மட்டும்தான் படிப்பீர்கள்.

2

நான் இருப்பது இங்கிலாந்தில், வடக்கே ஒரு சின்ன டவுன். குளிர் நுவரெலியா மாதிரி. மரக்கறி விளையாத நுவரெலியா. பழைய பைக் திருத்தும் கராஜில் வேலை. இருபத்திரண்டு வருஷம். முதலாளி பெயர் டேவ். அவன் பேச மாட்டான். நானும் பேச மாட்டேன். அதனால்தான் இருபத்திரண்டு வருஷம் போனது.

நான் தொழில் படித்தது ஹட்டனில், ஒரு சிங்கள பாஸிடம். அதனால் ஸ்பேனர் நம்பர் எனக்கு இன்னும் சிங்களத்தில்தான் வரும். தஹய, தொளஹ. இப்போது நான் "தஹய" என்றால் டேவ் பத்தாம் நம்பரை எடுத்து நீட்டுவான். வெள்ளைக்காரனுக்கு நான் சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான். ஐந்து வயசில் இங்கே வந்த என் மகனுக்கு அதுவும் ஏறவில்லை.

எங்கள் கராஜுக்கு வருகிறவர்கள் பைக் ஓட்டுகிறவர்கள் இல்லை. பைக் வைத்திருக்கிறவர்கள். வக்கீல், பல் டாக்டர், பென்ஷன் எடுத்த ஆட்கள். எல்லாருக்கும் நாற்பது வருஷத்துக்கு முந்திய ஜப்பான் பைக் வேண்டும். ரேஸ் பைக் மாதிரியே ரோட்டில் ஓட்டச் செய்தது. ஜப்பான்காரன் அதை ஓடத்தான் செய்தான். இவர்கள் அதை வேனில் கொண்டுவருவார்கள், வேனில் கொண்டுபோவார்கள். புது டயரில் முடி மாதிரி ரப்பர் நீட்டிக்கொண்டு இருக்கும் பாருங்கள், அதில் ஒன்று உதிர்ந்தால் இவர்கள் முகம் எழவு வீட்டு முகம் ஆகிவிடும்.

ஒரு பல் டாக்டர் வந்தார். தள்ளும்போது பிரேக் கிறீச்சிடுகிறது என்றார். திருத்தினேன். திருத்தினால் ஓட்டிப் பார்க்க வேண்டும். அது ஹட்டன் பாஸ் போட்ட சட்டம். ஓட்டிப் பார்த்தேன். அந்த ஆள் வந்து மீட்டரைப் பார்த்தார். ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"மூணு மைல்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "மூணு மைல்."

"பிரேக் நல்லா இருக்கு" என்றேன்.

டேவ் என்னைப் பின்பக்கம் அனுப்பிவிட்டு அவருக்குத் தண்ணீர் கொடுத்தான்.

அன்றைக்கு வீட்டில் இதைச் சொல்லிச் சிரித்தேன். என் மனைவி சரோஜாவும் சிரித்தாள். அவள் முதியோர் இல்லத்தில் துணி துவைக்கிறவள். சிரிக்க அவளுக்கு அதிகம் கிடைப்பதில்லை. பிரவீன் சிரிக்கவில்லை. "அவர் கோவப்பட்டது சரிதானே அப்பா" என்று இங்கிலீஷில் சொன்னான். அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

3

இளம் ஆட்களுக்காகச் சந்திரன் பைக்கைப் பற்றிச் சொல்கிறேன்.

முதலில் அது தோட்டத்துக்கு உதவி மேனேஜராக வந்த ஒரு சின்ன தொரையுடையது. கொழும்புப் பையன். இருநூற்றைம்பது சீசீ, டூ ஸ்ட்ரோக், இரண்டு சிலிண்டர். சிவப்பும் வெள்ளையும். காலையில் ஆட்கள் பேர் கொடுக்கப் பெரட்டுக் களத்தில் நிற்பார்கள். கங்காணி பேர் கூப்பிடுவது கேட்காது. இவர் பக்கத்தில் நின்று எஞ்சினை முறுக்கிக்கொண்டு இருப்பார். ஒருநாள் மலை வளைவில் விழுந்து தோள் எலும்பை உடைத்துக்கொண்டார். பைக்கை ஃபேக்டரி ஷெட்டில் தள்ளிவிட்டு மாற்றம் வாங்கிக்கொண்டு போனார். அந்த ஃபேக்டரியில் சந்திரன் ஃபிட்டர். "எடுத்துக்க" என்று அவனிடம் வாகனப் புத்தகத்தையும், வெற்றுத் தாளில் ஒரு கையெழுத்தையும் கொடுத்துவிட்டார். நம் நாட்டில் பாதி வாகனம் அப்படித்தான் ஓடுகிறது. பேர் ஒருத்தருக்கு, வண்டி ஒருத்தருக்கு.

நானும் சந்திரனும் இரண்டு மாசம் எடுத்துத் திருத்தினோம். பிஸ்டன் வளையம் வேறு பைக்குடையது. கிளட்சுக்குக் கார்க் வெட்டி ஒட்டினோம். ஓடியது. ஆனால் இடது சிலிண்டர் நாலு அடிக்கு ஒரு அடி விடும். நொண்டி நடக்கிற மாதிரிச் சத்தம். நான் சரி பண்ணப் பார்த்தேன்.

"இருக்கட்டும்டா மணி" என்றான். "நான் வாறது தெரியட்டும்."

தெரிந்தது. அப்போது போன் இல்லை. ஒரு லயத்து வீட்டில் ஆள் செத்தால் மற்றத் தோட்டத்துச் சொந்தக்காரர்களுக்கு ஆள் அனுப்பிச் சொல்ல வேண்டும். பஸ்ஸை நம்பினால் பிணத்தை எடுத்த பிறகுதான் சொந்தம் வந்து சேரும். சந்திரன் போவான். அக்கரப்பத்தனை, பட்டிப்பொல, எங்கேயும். காசு வாங்க மாட்டான். அதனால் வேலை நாளில் அந்த நொண்டிச் சத்தம் ரோட்டில் கேட்டால் லயத்துக் கதவெல்லாம் திறக்கும். பொம்பளைகள் வெளியே வந்து நிற்பார்கள். யார் வாசலில் நிற்கப்போகிறது என்று பார்ப்பார்கள். தாண்டிப் போனால் உள்ளே போய் வேலையைப் பார்ப்பார்கள்.

எனக்கும் ஒருநாள் நின்றது. ஹட்டன் கராஜ், காலை பதினொரு மணி. லொறிக்குக் கீழே படுத்திருந்தேன். சத்தம் டவுன் வளைவிலேயே கேட்டது. ஸ்பேனரைக் கீழே வைத்தேன். சந்திரன் வந்து நின்றான். பின் சீட்டைக் கையால் துடைத்தான். ஏறினேன்.

அப்பா. இதற்கு மேல் அதில் எழுத ஒன்றும் இல்லை.

4

பிரவீனுக்குக் கம்ப்யூட்டர் வேலை. தனியாக ஒரு ஃபிளாட் வாங்கிப் போய்விட்டான். என் பிறந்தநாளுக்குப் போனில் ஒரு பொம்மைப் படம் அனுப்புவான், கேக்கும் மெழுகுவர்த்தியும். போன் பண்ண மாட்டான். இரண்டு வருஷத்துக்கு முந்தி ஒருநாள் நேரில் வந்தான். போனில் ஒரு பைக்கைக் காட்டினான். சிவப்பும் வெள்ளையும்.

"இந்த மாடல் ரொம்ப ரேர் அப்பா. ஜப்பான விட்டு வெளிய வந்ததே கொஞ்சம்தான். வருஷா வருஷம் வெல ஏறும்."

பார்த்தேன். என் வாய் சும்மா இருக்கவில்லை.

"இதா? இது நம்ம சந்திரன்கிட்ட இருக்கு."

அதற்குப் பிறகு என் மகன் தினமும் போன் பண்ணினான். சாப்பிட்டீங்களா அப்பா என்றுகூடக் கேட்டான். சரோஜா சந்தோஷப்பட்டாள். காரணத்தை நான் அவளுக்குச் சொல்லவில்லை.

சந்திரனைப் போனில் கூப்பிட்டேன்.

"முட்டி போயிருச்சுடா" என்றான். "ஒதைக்க முடியல. ஆறு மாசமா சும்மா நிக்குது. இங்க உள்ள பயலுவளுக்குப் பட்டன அமுக்குனா ஓடணும். ஒதைக்கிறதுன்னா கால் நோவுதாம் தொரைமாருக்கு."

"பிரவீன் கேக்குறான்."

"ஒம் மகனா? ஓட்டுவானா?"

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"ஓட்டுவானாடா? நிக்க வச்சுப் பாக்குறதுன்னா இங்கயே நிக்கட்டும். எங்க மழையிலயே துருப் புடிக்கட்டும். ஓட்டுறவனுக்குன்னா குடுக்குறேன்."

"ஓட்டுவான்" என்றேன்.

சந்திரனிடம் நான் அதுவரை பொய் சொன்னதில்லை. அவசியம் வந்ததில்லை.

5

ஊருக்குப் போவதற்கு முந்தி பிரவீன் எனக்கு ஒரு மாசம் பாடம் எடுத்தான். பைக்கில் எதையும் தொடக் கூடாது. தூசியைக்கூடத் துடைக்கக் கூடாது. சந்திரன் அங்கிளிடம் சொல்லுங்கள், சொல்லுங்கள் என்றான். சொன்னேன். சந்திரன் சிரித்தான்.

நாங்கள் போய் இறங்கியபோது மழை. லயத்து வாசலில் பைக் நின்றது. நீலமும் மஞ்சளும். புது பெயிண்ட், முகம் பார்க்கலாம். டாங்கியில் வேல் வரைந்திருந்தது. லைட்டில் சந்தனம், குங்குமம். ஹாண்டிலில் செவ்வந்தி மாலை. டயருக்குக் கீழே எலுமிச்சங்காய்.

பிரவீன் கையில் இருந்த குடை கீழே விழுந்துவிட்டது.

"அங்கிள், பழைய பெயிண்ட் எங்க?"

"அதுக்குக் கீழதான் இருக்கு தம்பி. எங்க போயிரப்போவுது?"

"தொட வேணாம்னு சொன்னேனே."

"சொன்னீங்க. அதுக்காகக் குளிப்பாட்டாம பொண்ணு குடுப்பாங்களா?"

"இப்ப இது ஒரிஜினல் இல்ல அங்கிள்."

"நான் ஒரிஜினல்தான் தம்பி. உள்ள வாங்க, தேத்தண்ணி ஆறுது."

இது நம் ஆட்களுக்கு மட்டுமே வரும் பிழை. ஒரு சாமானைக் கையால் கொடுக்கும்போது அழுக்கோடு கொடுத்தால் நமக்குக் கேவலம். கோயில் தேருக்கு அடித்த பெயிண்டில் மிச்சத்தைக் கேட்டு வாங்கி, வலிக்கிற முட்டியோடு மூன்று நாள் தரையில் உட்கார்ந்து அடித்திருக்கிறான். சீமையில் அழுக்குக்குத்தான் விலை என்று அவனுக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரியும். ஏன் தொடக் கூடாது என்று நான் விளக்கிச் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது.

பிரவீன் என்னை வாசலுக்கு இழுத்தான். "வேணாம் அப்பா. போவோம்."

"வார்த்த குடுத்தாச்சு."

"யார் குடுத்தது?"

"நான்."

கோபத்தில் லயத்துப் பின்பக்கம் போனான். ஆள் திரும்பி வரவில்லை. போய்ப் பார்த்தேன். சேற்றில் முழங்கால் போட்டு உட்கார்ந்திருந்தான். அவனுக்கு முன்னால் கோழிக்கூடு. கூட்டின் கூரை சிவப்பும் வெள்ளையும்.

சின்ன தொரை காலத்தில் பைக்குக்கு முன்னால் இருந்த பிளாஸ்டிக் மூடி அது. காற்றைக் கிழிக்கிறதற்கு ஜப்பான்காரன் வைத்தது. தேயிலை மலை ரோட்டில் கல் பட்டு உடையும் என்று சந்திரன் அதைக் கழற்றிக் கோழிக்குப் போட்டுவிட்டான். முப்பது வருஷம் கோழி எச்சத்துக்குக் கீழே ஒரு கீறல் இல்லாமல் இருந்திருக்கிறது. பழைய பெயிண்ட், பழைய ஸ்டிக்கர்.

பிரவீன் முகம் துடைக்கிற ஈர டிஷ்யூவை எடுத்து எச்சத்தைத் துடைக்க ஆரம்பித்தான். பிறந்ததிலிருந்து கோழியைத் தொடாதவன். சந்திரன் மனைவி லெச்சுமி எட்டிப் பார்த்தாள்.

"தம்பிக்கு முட்ட வேணுமாண்ணே?" என்று என்னைக் கேட்டாள்.

விஷயம் விளங்கியதும் அவளுக்கு ஒரே கவலைதான். "அப்ப கோழி நனையுமே."

பிரவீன் குடையைக் கொடுத்துவிட்டான். மூடி கிடைத்த பிறகு அவனுக்கு நீலமும் மஞ்சளும் பெரிதாகத் தெரியவில்லை. சந்திரன் இதையெல்லாம் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒம் மகன் பைக்குக்கு வந்தானா, கோழிக்கூட்டுக்கு வந்தானாடா?" என்றான்.

6

பைக்கை நாட்டை விட்டு எடுக்கக் கடதாசி வேண்டும். அது நாலு மாசம் எடுத்தது. பிரவீன் ஒரு வாரத்தில் விமானம் ஏறிவிட்டான். நான் டேவிடம் சம்பளமில்லாத லீவு கேட்டு அங்கேயே நின்றேன்.

சின்ன தொரை கொடுத்த வெற்றுத் தாளைப் பூச்சி அரித்திருந்தது. அவரோ செத்துப் பல வருஷம். கண்டியில் அவர் தங்கச்சியைத் தேடிப் பிடித்தோம். அந்த அம்மா போட்டோவைப் பார்த்து, "இந்தச் சனியனிலதான் எங்கட அண்ணா விழுந்தது" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, கேட்ட இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டார்.

பிறகு ஆபீஸ். சேசிஸ் நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துக் காட்ட வேண்டும். தேர் பெயிண்டுக்குக் கீழே நம்பரைக் காணோம். சுரண்டினோம். அதற்குப் பிறகு மேசையில் இருந்தவர் புத்தகத்தையும் பைக்கையும் மாறி மாறிப் பார்த்தார். "பாட்ட வெனஸ்னே" என்றார். நிறம் வேறு.

சந்திரன் கும்பிட்டுக்கொண்டே சிங்களத்தில் சொன்னான். "இது தெய்வத்தோட நிறம் மாத்தயா."

மாத்தயா சிரித்தார். ஆனால் ஃபாரம் புதுசாக எழுத வைத்தார். தெய்வத்துக்கும் ஃபாரம் உண்டு.

கடைசி நாள் நான்தான் உதைத்து ஸ்டார்ட் பண்ணி லொறி வரைக்கும் ஓட்டினேன். சந்திரன் கூடவே நொண்டிக்கொண்டு வந்தான்.

"ஞாயித்துக்கெழம போன் பண்றேன். சத்தத்தக் கேக்க வையி" என்றான்.

7

இங்கே வந்ததும் பிரவீன் ஒரு ஆளைப் பிடித்தான். வெங்காயம் உரிக்கிற மாதிரிப் பெயிண்டை உரிக்கிற ஆள். நீலம் போனது, மஞ்சள் போனது, வேல் போனது. சிவப்பும் வெள்ளையும் வந்தது. கோழிக்கூட்டுக் கூரையை முன்னால் மாட்டினார்கள். வெளியே எல்லாம் பளபளப்பு. உள்ளே எஞ்சினை யாரும் தொடவில்லை. தொட்டால் விலை குறையுமாம்.

"ஒரு தரம் ஸ்டார்ட் பண்ணுவோம்" என்றேன்.

"அப்பா, அது அசெட்" என்றான்.

அசெட் என்றால் என்ன என்று சரோஜா என்னைக் கேட்டாள். ஓடாத பைக் என்றேன்.

சந்திரன் வீட்டில் டவர் கிடையாது. லயத்துக்கு மேலே தண்ணி டாங்கி இருக்கிறது. அங்கே ஏறி நின்றால் பேசலாம், வீடியோ வராது. ஒவ்வொரு ஞாயிறும் ஏறினான். ஒவ்வொரு ஞாயிறும் நான் ஒன்று சொன்னேன். மழை. பனி. இன்சூரன்ஸ் வரவில்லை. பிரவீன் ஓட்டிக்கொண்டு போயிருக்கிறான். ஓட்டாத மகனை நான் ஊர் ஊராக ஓட்டினேன். பல் டாக்டரைப் பார்த்துச் சிரித்தவன் நான். அந்த ஆள் பொய்யாவது சொல்லவில்லை.

போன மாசம் லெச்சுமி போனை வாங்கிப் பேசினாள்.

"அண்ணே, மேல ஏறாதீங்கன்னா இந்த மனுசன் கேக்குறாரு இல்ல. போன வாரம் வழுக்கி உக்காந்துட்டாரு. அந்தச் சத்தத்த ஒரு தரம் கேக்க வச்சிருங்க. பெறகு ஏற மாட்டாரு."

போன ஞாயிறு கராஜ் சாவியை எடுத்துக்கொண்டு போனேன். ஒரு கஸ்டமருடைய பைக் நின்றது. அதே கம்பனி, அதே டூ ஸ்ட்ரோக், இரண்டு சிலிண்டர். நானே டியூன் பண்ணியது. ஸ்டார்ட் பண்ணி போனைப் பக்கத்தில் பிடித்தேன். நல்ல சத்தம். ஒரு அடி விடவில்லை.

நிறுத்திவிட்டுக் காதில் வைத்தேன்.

"நல்லா இருக்கு" என்றான் சந்திரன். "யாரோடது?"

பைக் சாவியை எடுத்து ஆணியில் மாட்டினேன்.

"சரிடா. மழ வருது. எறங்குறேன்."

8

இதை எழுதும்போது கையில் இன்னும் பெட்ரோல் நாற்றம்.

பிரவீன் சிநேகிதியோடு வெளியூர் போயிருக்கிறான். செடிக்குத் தண்ணீர் ஊற்ற எனக்கு ஒரு சாவி கொடுத்திருக்கிறான். ஒரே ஒரு செடி. இன்று ஞாயிறு, காலையில் போனேன். சப்பாத்தைக் கழற்றவில்லை. பெட்ரோல் கேன், ஆயில் போத்தல், கராஜில் டெஸ்ட் ஓட்டப் போடுகிற சிவப்பு நம்பர் பலகை. கியர் பெட்டிக்கு ஆயில் ஊற்றினேன். கம்பளத்தில் சொட்டியது. துடைக்கவில்லை. பைக்கைத் தள்ளி லிஃப்டில் ஏற்றிக் கீழே இறக்கினேன்.

பிரவீன் வந்து முதலில் மீட்டரைத்தான் பார்ப்பான். பார்க்கட்டும். ஸ்டூலில் உட்காரட்டும். சாவியைத் திருப்பிக் கேட்டால் கொடுத்துவிடுவேன். கராஜ்காரன் ஒரு சாவிக்கு இன்னொன்று வெட்டாமல் இருக்க மாட்டான்.

என் முட்டியும் சந்திரன் முட்டியை விட இளசு இல்லை. பதினேழு தரம் உதைத்தேன். பதினெட்டாவதில் பிடித்தது. வெள்ளைப் புகை. மேல் ஜன்னலில் ஒரு கிழவி தலை நீட்டித் திட்டினாள். இடது சிலிண்டர் நாலுக்கு ஒன்று விட்டது.

டவுனைத் தாண்டி ஆடு மேய்கிற மலை வரைக்கும் ஓட்டினேன். ஒன்பது கிலோமீட்டர். நிறுத்தவில்லை, நியூட்ரலில் விட்டுவிட்டுச் சந்திரனுக்குப் போன் போட்டேன். போன வாரத்துக்குப் பிறகு டாங்கிக்கு ஏறியிருக்க மாட்டான் என்றுதான் நினைத்தேன். இரண்டாவது மணியில் எடுத்தான்.

"என்னடா?"

"பேசாத. கேளு."

போனைச் சைலன்சர் பக்கம் பிடித்தேன். கை சுடுகிற வரைக்கும் பிடித்தேன். பிறகு காதில் வைத்தேன்.

சந்திரன் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தான் போல. டாங்கிக்குக் கீழேதான் பொம்பளைகள் தண்ணீர் பிடிக்கிற பீலி. குடத்தில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. பேச்சு ஒன்றையும் காணோம். அப்போது ஒரு வயசான குரல் கீழேயிருந்து கேட்டது.

"யாருப்பா போனது? எந்த வீட்டுல?"

"ஒருத்தரும் போகல ஆயா" என்று சந்திரன் கத்தினான். "ஓடுது. சும்மா ஓடுது."

பிறகு போனில் என்னிடம் வந்தான்.

"எடது பக்கம் இன்னும் விடுதுடா மணி."

"விடுது."

"சரி பண்ணிராத" என்றான்.